நாக்கால் துடைத்த பெயர்

என் பெயர் ஏசுவடியான். பெயர் வைத்தவர் என் அப்பா, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் உபதேசியாராக இருந்தவர். பெயருக்கு ஏற்ற பிள்ளையாக நான் இல்லை என்ற மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. இறையியல் கல்லூரியில் மூன்று வருடம் கிரேக்கம் படித்தேன். கிரேக்கம் தங்கியது, விசுவாசம் தங்கவில்லை. போதகர் ஆகாமல் பாதியில் வெளியே வந்தவனுக்குப் பழைய கிரேக்கத்தை வைத்துக்கொண்டு என்ன வேலை கிடைக்கும்? ஐம்பத்தோரு வயதுவரை பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். ஐம்பத்திரண்டாவது வயதில், இறந்துபோன ஒரு பெண்ணிடம் கிரேக்கத்தில் பேச ஆள் வேண்டும் என்று சென்னை பெருங்குடியிலிருந்து அழைப்பு வந்தது.

திட்டத்துக்கு அதிகாரபூர்வப் பெயர் 'மறுகுரல்'. கேன்டீனில் எல்லோரும் 'எழுப்பி' என்றார்கள். பத்துக்குப் பதினாறடி அறை, இரண்டு நாற்காலி, ஒரு ஒலிபெருக்கி, கண்ணாடி வைத்த சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம். அதற்குப் பொறுப்பு தில்லைவாணி. சிதம்பரத்துக்காரி, முப்பது வயது இருக்கும். எதையும் இரண்டு முறை சொல்வது அவளுக்குப் பிடிக்காது.

"ஆவி கூப்பிடுறாங்கன்னு நெனச்சுக்காதீங்க சார்," என்றாள் முதல் நாள். "ஒருத்தர் கையால எழுதுனா அதுல எவ்ளோ இருக்கு தெரியுமா? எங்க அழுத்துறாங்க, எங்க தயங்குறாங்க, பேனாவ எப்போ மையில தோய்க்கிறாங்க, எந்த வார்த்தைய எப்பவுமே தப்பா எழுதுறாங்க. தப்பா எழுதுறவங்க காதுல விழுந்த மாதிரிதான் எழுதுவாங்க. அதுலேந்து குரலே கெடைக்குது."

"குரல் கிடைக்கும், சரி. ஆளுமா?"

"எழுத்து போதுமான அளவு இருந்தா ஆளும்தான். பன்னண்டாயிரம் எழுத்தாவது வேணும். அதுக்குக் கொறஞ்சா வெறும் முனகல். மீதிய அந்தக் காலத்து மத்த கடுதாசிங்கள வச்சு மிஷின் நெரப்பிக்கும். நாப்பது நிமிஷம் நல்லா பேசுவாங்க. அப்புறம் சொன்னதையே சொல்ல ஆரம்பிப்பாங்க, நிறுத்திடுவோம்."

"மறுநாள் விட்ட இடத்திலிருந்தா?"

"இல்ல, மொதல்லேந்து. விட்டா நம்ம கேள்வியே அவங்க ஞாபகமா மாறிடும். சாட்சி கெட்டுடும். அதனால தெனமும் துடைச்சிட்டு, தெனமும் புதுசா எழுப்புறோம்."

எழுப்பப்படும் பெண்ணுக்கு வலிக்குமா என்று கேட்டேன். "தெரியல சார்," என்றாள் வாணி. "யாருக்கும் தெரியல. அதனாலதான் நான் சத்தத்தக் கொறச்சு வச்சுக்கிறேன்."

அந்தப் பெண்ணின் பெயர் ஹெராயிஸ். செங்கடல் கரையில், மிளகுக் கப்பல்கள் வந்து நின்ற ஒரு சிறு துறைமுகத்தில் கூலிக்கு எழுதிக்கொடுத்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு அவள் எழுதிய பாப்பிரஸ் நாணல்தாள் கட்டு ஒன்று ஆற்றோர ஊர் ஒன்றின் குப்பைமேட்டு மணலில் காய்ந்து கிடந்து கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் பிறர் சொல்லச் சொல்ல எழுதிய கடிதங்கள், வேதத்துச் சங்கீதப் பாடல்களின் பிரதிகள். அதில் ஒரே ஒரு கடிதம்தான் பேராசிரியர் மெல்கியோரின் பதினெட்டு வருட உழைப்பு.

மெல்கியோர் தூத்துக்குடிக்காரர். கடலோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம், உரத்த குரல், நல்ல மனசு. லத்தீனும் சிரியாக்கும் தண்ணீர்பட்ட பாடு. கிரேக்கம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குப் பிடிபடாது என்பார். அதனால்தான் நான்.

"இது சிபாரிசுக் கடிதம்," என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "துறைமுகத்துல ஒரு வீட்டுல கூடி ஜெபம் பண்ற ஆளுங்க, ஆத்தோரமா உள்நாட்டுல இருக்கிற இன்னொரு வீட்டுக்கு எழுதுறாங்க. 'எங்க கூட்டத்தச் சேந்த இந்த நாப்பத்திமூணு பேரும் வர்றாங்க, சேத்துக்கோங்க.' கீழ பேரு. அந்தக் காலத்துல இந்த மாதிரி கடிதம் இருந்தாத்தான் வேத்தூருல கதவு தெறக்கும். இப்போ இந்த வார்த்தையப் பாருங்க. 'எங்க கூட்டம்'ங்கிற எடம்."

பார்த்தேன். 'எக்லேசியா' என்று இருந்தது. அடியில் வேறொரு சொல் துடைக்கப்பட்டு மங்கலாகத் தெரிந்தது: 'சுனகோகே'.

"ரெண்டுக்கும் அர்த்தம் கூட்டம்தானே சார்?"

"அகராதியில அப்படித்தான். ஆனா நம்ம தமிழ் வேதாகமத்துல சுனகோகேன்னா ஜெப ஆலயம், எக்லேசியான்னா சபை. ஒண்ணு யூதரோடது, இன்னொண்ணு கிறிஸ்தவரோடது. எப்போ ஒரே வீட்டுல ஒக்காந்து சாப்பிட்டவன் ரெண்டு மதமா ஆனான்? மீட்பர் வந்துட்டாருங்கிற சேதி யூதருங்களோட வீடுங்க வழியாத்தான் கரை கரையா பரவுச்சு. அவங்க இல்லன்னா இவங்க இல்ல. அப்புறம் எப்போ கதவ சாத்துனாங்க? நூறு வருஷமா அடிச்சுக்கிறோம். இங்க பாருங்க, ஒரு பொம்பளை தன் கையால பழைய வார்த்தையத் துடைச்சிட்டுப் புது வார்த்தைய எழுதியிருக்கா. பிரிஞ்ச நிமிஷமே நம்ம கையில இருக்கு. 'நாங்க அவங்க இல்ல'ன்னு தெளிஞ்ச மனசோட துடைச்சிருக்கா. அத அவ வாயால கேக்கணும்."

நல்ல ஆசைதான். அந்த ஆசைக்கு உதவுவதுபோல முதல் நாளே நான் ஒரு காரியம் செய்து வைத்தேன்.

அவளிடம் சொல்வதற்காக எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது இதுதான்: அவளுக்குக் காய்ச்சல், கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறது, நான் வைத்தியரின் ஆள். அவள் எழுந்தாள். அவள் பேசியது புத்தகக் கிரேக்கம் இல்லை, துறைமுகக் கிரேக்கம். பாதி எழுத்தை விழுங்கி, இழுத்து இழுத்துப் பேசினாள். என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியேதான் இங்கேயும் எழுதுகிறேன்.

"இருட்டா இருக்கே," என்றாள். பிறகு, "நான் செத்துட்டேனா?"

முகத்துக்கு நேரே ஒரு பெண்ணைப் பார்த்து, ஆமாம் செத்துவிட்டாய் என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் யாரும் சாவதில்லை. கர்த்தருக்குள் நித்திரையடைவார்கள். அப்பா எழுதிக்கொடுத்த எத்தனையோ மரண அறிவிப்புகளைச் சைக்கிளில் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தவன் நான். காய்ச்சல், வைத்தியர் எல்லாம் மறந்துபோய், மரியாதைக்காக அந்தச் சொல்லைக் கிரேக்கத்தில் போட்டேன். "நித்திரையில இருந்தீங்க," என்றேன்.

அந்த மரியாதைச் சொல்லைச் செய்தவர்களே அவளுடைய ஆட்கள்தான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. எங்களுக்கு அது மரண போஸ்டரில் வரும் அலங்காரம். அவர்கள் அதை நிஜமாகவே சொன்னார்கள்: தூங்குகிறவன் ஒருநாள் எழுவான்.

சொன்னதும் அவள் அழுதாள். "அப்போ அந்த நாளு வந்துட்டா? நீரு தூதனா?"

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததும் பொய்தான்.

அதற்குப் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் அவள் மடை திறந்த மாதிரி சொன்னாள். ஓய்வுநாள் விளக்கு, மறுநாள் விடியலில் பகிரும் அப்பம், ரொட்டியில் மணல் கடிபடுவது, கப்பல்காரர்கள் கற்றுக்கொடுத்த கெட்ட வார்த்தைகள். மெல்கியோர் துள்ளிக் குதிக்காத குறை. "அந்த ஒரு வார்த்தையில என்ன மந்திரம் வச்சீங்க ஏசுவடியான்? இனிமே தெனமும் அதுலயே ஆரம்பிங்க." சட்டம் போட்டாயிற்று. என் வாய் தவறியது நெறிமுறையின் முதல் வரி ஆனது.

நாற்பது நாள் அப்படியே நடந்தது. தினமும் காலை பத்தரைக்கு அவள் எழுந்தாள், செத்துட்டேனா என்று கேட்டாள், நித்திரை என்று சொன்னேன், அழுதாள். தினமும் அடுத்த கேள்வி ஒன்றுதான்.

"சபத்தாயுஸ் எழும்பிட்டானா?"

சபத்தாயுஸ் அவள் தம்பி. ஓய்வுநாளில் பிறந்தவன் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். ஒரு வரி எழுதத் தெரியாதவன். "இன்னும் வரல," என்பேன். அவள் குரல் சட்டென்று அடங்கிவிடும். பிறகு சமாளித்துக்கொண்டு பேசுவாள். ஆனால் அந்தத் துடைத்த சொல்லைப் பற்றி வாயைத் திறக்கமாட்டாள். "அவன் எழும்பட்டும். அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கப்புறம் சொல்லுதேன்." இருபது விதமாகக் கேட்டுப் பார்த்தேன், பதில் இதுதான்.

நாற்பதாவது நாள் மதியம் மெல்கியோர் என்னையும் வாணியையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"அவளுக்குத் தம்பி வேணும். கொடுத்துடலாம்," என்றார். "ஒரு ஆம்பளைக் குரல் போதும். துறைமுகப் பேச்சு. நாலு வாக்கியம். 'அக்கா, நானும் எழும்பிட்டேன்.' வாணி, ரெண்டு நாள்ல முடியுமா?"

"நாளைக்கு ஒரு நாள் போதும் சார்," என்றாள் வாணி. பெருமையாகச் சொல்லவில்லை.

நான் சொன்னேன்: "சார், அது வேற. இது வரைக்கும் நாம சும்மா இருந்தோம், அவளா நெனச்சுக்கிட்டா. இது நாமளே நடிக்கிறது."

"நாப்பது நாளும் நித்திரைன்னு சொன்னது யாரு, நானா?" என்று கேட்டார். கோபமில்லை, கேள்விதான். "பாருங்க ஏசுவடியான். அவளுக்கு நாப்பது நிமிஷம். அதுல தம்பியப் பாத்த சந்தோஷம் இருந்தா நல்லதுதானே? அவ தூங்கப்போறது சந்தோஷத்தோடதான். நமக்கு ஒரு உண்மை கெடைக்கும். யாருக்கு நஷ்டம்?"

யாருக்கு நஷ்டம் என்று அப்போது எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மறுநாள், நாற்பத்தோராவது அமர்வு, தம்பிக் குரல் இல்லாமல் நடக்கும் கடைசி அமர்வு என்பது மட்டும் தெரிந்தது. மெல்கியோர் வேறொரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாணி மட்டும் இருந்தாள்.

"இருட்டா இருக்கே," என்றாள் ஹெராயிஸ். "நான் செத்துட்டேனா?"

"ஆமா," என்றேன். "செத்துட்டீங்க. ரொம்ப காலம் ஆச்சு."

வாணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கிரேக்கம் தெரியாவிட்டாலும் பழகிய சொல் வரவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. நிறுத்தும் விசையில் கை வைக்கவில்லை.

"அப்போ எழும்பிட்டேனா?"

"இல்ல. இது அந்த நாளு இல்ல. நான் தூதனும் இல்ல, சாதாரண மனுஷன். நீங்க எழுதுன தாளெல்லாம் மணல்ல கெடந்துச்சு. அத வச்சு எங்க ஆளுங்க உங்க பேச்ச உண்டாக்குதாங்க. கொஞ்ச நேரம் பேசுவீங்க, நின்னுரும். மறுநாள் மொதல்லேருந்து ஆரம்பிப்போம். உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"இது எத்தனாவது வாட்டி?"

"நாப்பத்தோராவது."

"ஒவ்வொரு வாட்டியும் சபத்தாயுஸக் கேட்டேனா?"

"கேட்டீங்க."

"நீரு என்ன சொன்னீரு?"

"இன்னும் வரலன்னு சொன்னேன்."

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டது என்றுகூட நினைத்தேன். வாணி கையை அசைத்து, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று சைகை காட்டினாள்.

"எழுதத் தெரிஞ்சவங்களத்தான் இப்படிப் பேசவைக்க முடியுமா?" என்று கேட்டாள் கடைசியாக.

"ஆமா. நெறைய எழுதியிருக்கணும்."

"எங்க வீட்டுல கூடுனது நாப்பத்தஞ்சு பேரு. மீன் சுமக்குறவன், கயிறு திரிக்குறவன், துணி வெளுக்குறவ, ரெண்டு அடிமைங்க. எழுதத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்." குரலில் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. "அப்போ இது ஆண்டவரு செய்யுத வேலை இல்ல. அவரு செஞ்சாருன்னா என்னையா மொதல்ல எழுப்புவாரு?"

அவள் சிரித்தாள். நாற்பது நாளில் நான் கேட்காத சிரிப்பு. எனக்கு விசுவாசம் கிடையாது, ஆனால் அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"நல்லவேளை சொன்னீரு," என்றாள். "நாப்பது வாட்டியும் எப்படி நடுங்கியிருப்பேன் தெரியுமா? நான் எழும்பியாச்சு, அவன் எழும்பலைன்னா என்ன அர்த்தம்? நான் அவன் பேரத் துடைச்சது மேலயும் துடைச்சதாப் போச்சு, ரட்சிக்கப்படுறவங்க பேரு எழுதுன ஜீவபுஸ்தகத்துலயும் அவன் பேரு இல்லாமப் போச்சுன்னுல்லா நெனச்சிருப்பேன். இப்போ சரி. அந்த நாளு இன்னும் வரல. அவனுக்கு இன்னும் நேரம் இருக்கு."

யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. நாங்கள் தினமும் அவளுக்குக் கொடுத்தது நாற்பது நிமிடச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மரியாதை என்று நினைத்து ஒரு பெண்ணை நாற்பது முறை நரகத்தின் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"பேரையா துடைச்சீங்க?" என்று கேட்டேன். "வார்த்தையத்தானே?"

"ரெண்டையும். அந்த வருஷம் யூதருங்க, எங்காளுங்க, ரோமுக்கு எதிரா எழும்புனாங்க. அதுக்குப் பதிலுக்கு எங்க பாத்தாலும் வெட்டு. அலெக்சாந்திரியாவுல தெருத்தெருவா ஒழிச்சிட்டாங்கன்னு கப்பல்ல சேதி வந்துது. நாங்க ஆத்தோரத்துக்கு ஓடுறதுன்னு முடிவாச்சு. கடுதாசியில 'சுனகோகே'ன்னு எழுதிட்டேன், அதுதான் எப்பவும் எழுதுறது. மொதச் சாவடியில எவனாவது அந்த வார்த்தையப் படிச்சா அத்தனை பேரு கழுத்தும் போயிரும். 'எக்லேசியா'ன்னா ஊருக்கூட்டத்துக்கும் அதான் பேரு. படகுக்காரன் சங்கமா இருக்கலாம், நாடகக்காரன் கூட்டமா இருக்கலாம். எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். அதான் துடைச்சேன்."

"நீங்க அவங்க இல்லன்னு காட்டிக்கிறதுக்காக இல்லையா?"

"எவங்க?" என்றாள். நிஜமாகவே புரியவில்லை. நான் விளக்கினேன். மீட்பர் வந்துவிட்டார் என்று நம்புகிறவர்கள், நம்பாதவர்கள், இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று.

"எங்க வீட்டுல ரெண்டும் உண்டே. சபத்தாயுஸ் நம்ப மாட்டான். 'அக்கா, வந்தவரு வந்திருந்தா நான் ஏன் இன்னும் மூட்ட சொமக்கேன்'னு கேப்பான். ஆனா விளக்கு ஏத்துறதுக்கு அவன்தான் மொத ஆளு. சாப்பாட்டுக்கும்." என்றாள். "பட்டியல்ல எல்லாருக்கும் ஊர்க்காரங்க வைக்கிற பேரா மாத்தி எழுதுனேன். யூதாங்கிறவனுக்குத் தியோன், இப்படி. அவன் மட்டும் ஒத்துக்கல. 'எங்கம்மா வச்ச பேரு, அத மாத்தாத'ன்னுட்டான். சரின்னு அப்படியே எழுதுனேன். காலையில கெளம்புற நேரம். பட்டியல்ல கடைசியில அந்த ஒத்தப் பேரு நிக்குது. ஓய்வுநாள்ல பொறந்த யூதன்னு எவன் பாத்தாலும் தெரியும். பஞ்ச நனைக்க நேரமில்ல. நாக்காலயே துடைச்சேன்."

புகைக்கரியும் கோந்தும் கலந்த மை அது. நாக்கால் நக்கினால் பாப்பிரஸிலிருந்து போய்விடும்.

"அவன் பாத்துட்டு நின்னான். ஒண்ணும் சொல்லல. நாப்பத்திமூணு பேரும், கடுதாசியக் கையில வச்சிருந்த நானும் போனோம். அவன் கடுதாசி இல்லாம பின்னால நடந்து போனான். ஆத்தங்கரையில பிடிச்சிட்டாங்க. நான் கெழவியாகிச் சாகுற வரைக்கும் அந்தக் கசப்பு வாயில இருந்துது." அழவில்லை, செய்தி சொல்லும் குரலில்தான் சொன்னாள். "இதான் அவன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். கோவமான்னு."

கடிகாரத்தில் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது.

"ஒரு உபகாரம் செய்வீரா? இனிமே என்னை எழுப்பாதீரும். நாளைக்கு எழும்புறவளுக்கு இது ஒண்ணும் தெரியாது. மறுபடி பயப்படுவா. அந்த நாளு வரும்போது அவனோட சேந்து எழும்பிக்கிடுதேன்."

"எனக்கு அந்த நாள் மேல நம்பிக்கை இல்லம்மா," என்றேன். உண்மை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்துவது சரியாக இருக்காது.

"அதனால என்ன? சபத்தாயுஸுக்கும்தான் இல்ல," என்றாள்.

நிறுத்தியதும் வாணி உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்ன சார் சொன்னா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இத மெல்கியோர் சாருக்குச் சொன்னா என்னாகும்?" என்றேன்.

"உலகத்துலயே பெரிய சாட்சி சார் இது. ஒரு லேப் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. அஞ்சு நாட்டுல, ஒவ்வொரு எடத்துலயும் முப்பது தடவையாவது எழுப்பி, இதே பதில் வருதான்னு பாப்பாங்க. பாப்பிரஸ் படம் எல்லாருக்கும் பொது. நாம இங்க மிஷின ஒடைச்சாலும் அவங்க எழுப்பிக்குவாங்க." பிறகு சொன்னாள்: "அவளால பிரயோஜனம் இல்லன்னு ஆனாத்தான் விடுவாங்க."

அன்று மாலையே மெல்கியோரிடம் போனேன். இதுவரை நான் கொடுத்த மொழிபெயர்ப்புகள் நேர்மையானவை இல்லை என்று சொன்னேன். அவள் ஒவ்வொரு நாளும் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாள், ஒருநாள் தம்பி என்கிறாள், ஒருநாள் கணவன் என்கிறாள், துடைத்த சொல்லுக்கு இதுவரை ஒன்பது காரணம் சொல்லியிருக்கிறாள், வேலை போய்விடுமே என்று நான்தான் எல்லாவற்றையும் சரிக்கட்டி எழுதிக்கொடுத்தேன் என்றேன். மொழிபெயர்ப்பாளன் தன் வாயால் தன்னைக் கெடுத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

அவர் திட்டவில்லை. "நாப்பத்தோரு அமர்வுக்கும் சரியான அறிக்கை எழுதிக் கொடுங்க," என்றார். தம்பிக் குரலை நிறுத்திவைக்கச் சொல்லி வாணிக்குத் தகவல் போனது.

மூன்று வாரம் உட்கார்ந்து பொய் எழுதினேன். உண்மையை எழுதுவதைவிட அதற்கு மூளை அதிகம் தேவைப்பட்டது. நாற்பத்தோரு அமர்வுகளிலும் அவளைக் குழப்பவாதியாக்கினேன். ஒலிப்பதிவுகள் சேமிப்புக் கோளாறில் அழிந்துவிட்டன என்று வாணி தனியாக ஒரு குறிப்பு கொடுத்தாள். நல்ல மனிதர் ஒருவரின் பதினெட்டு வருடத்தை இரண்டு பேர் சேர்ந்து குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தோம். இரவில் தூக்கம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அறிக்கையைக் கொடுத்து ஐந்து நாள் கழித்துக் கூப்பிட்டார். மேஜையில் என் அறிக்கை இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். 'கையெழுத்திலிருந்து ஆளை மீட்கும் முறை நம்பத்தகுந்ததாக இல்லை, திட்டத்தைக் கைவிடலாம்.' கீழே அவர் பெயர். கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

"சார்," என்று ஆரம்பித்தேன்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார். "ஒரு எடத்துலதான் அசந்துட்டீங்க. பின்னிணைப்புல கடிதத்தோட படத்த முழுசா போட்டிருக்கீங்க. பட்டியலுக்குக் கீழ ஒரு கறை தெரியுது பாருங்க. ஈரம் பட்ட கறைன்னுதான் இதுவரைக்கும் எல்லாரும் எழுதியிருக்கோம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நல்லா பெரிசு பண்ணிப் பாத்தேன். மொத மூணு எழுத்து தெரியுது. அந்தப் பக்கத்த எடுத்துடுங்க. நாக்கு அவ்ளோ சுத்தமா துடைக்காது."

நாக்கு என்று நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. பதிவுகளை அழிக்கும் முன் வாணி யாரிடம் கேட்டாள் என்று இன்றுவரை நான் அவளிடம் கேட்டதில்லை. கடைசிப் பதிவில் இருந்த, காதுக்குப் பிடிபடாத மொழியை அகராதி வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் திருப்பித் திருப்பிக் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியாது.

"எடுத்துடுறேன் சார்," என்றேன்.

அந்தத் துறைமுகத்தில் இரண்டு கூட்டமும் சீக்கிரமே, மனமொத்துப் பிரிந்துவிட்டன என்றுதான் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மெல்கியோர் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. யாரும் தேடிப்போய் அவளை எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக இந்தக் கதையில் ஊரை மாற்றியிருக்கிறேன், அந்த இரண்டு சொற்களை மாற்றியிருக்கிறேன், அவள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். சபத்தாயுஸ் என்பதும் அவன் பெயர் இல்லை. உயிரே போனாலும் பெயரை மாற்றிக்கொள்ள ஒத்துக்கொள்ளாதவனுக்கு நானும் ஒரு மாற்றுப்பெயர்தான் வைக்கவேண்டியிருக்கிறது. அதற்கு அவனிடம் நானும் மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கே, எப்போது கேட்பது என்றுதான் என்னைப் போன்ற ஆளுக்குத் தெரியவில்லை.